பதினேழு ராத்தல் சக்கரம்

அப்துல் கய்யூம் இறந்து நூற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஹமீதுன்னிசா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது முறை. இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி.

ராயப்பேட்டையில் அவர்களுக்குப் பட்டறையும் வீடும் ஒன்றுதான். முன்னால் உலை, நடுவில் ஒரு சாக்குத் திரை, திரைக்கு இந்தப் பக்கம் ஒரே ஓர் அறை. கய்யூம் இருந்தவரை பகலில் அங்கே யாரும் பேசியதில்லை. சம்மட்டிச் சத்தத்தில் பேசி யார் காதில் விழப்போகிறது? துருத்தியை வேகமாக ஊது, நிறுத்து, இடுக்கியை எடு, சோறு ஆயிற்றா, எல்லாம் கை ஜாடைதான். பதினாலு வருஷத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது. இப்போது சத்தமே இல்லாத வீட்டிலும் அவள் தனக்குத்தானே கையை அசைத்துக்கொண்டிருப்பாள். பிறகு திடுக்கிட்டு மடியில் வைத்துக்கொள்வாள்.

கய்யூமின் அக்கா அஸ்மத்துன்னிசா தினமும் மத்தியானம் வருவாள். இரண்டு தெரு தள்ளி வீடு. சோறு கொண்டுவருவாள், கூடவே தெருப் பேச்சையும் கொண்டுவருவாள். தம்பியைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, சொன்னவர்களைத் திட்டிவிட்டு, ஹமீதாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவாள். அவளை ஆபா என்று, அக்காவாகவே கூப்பிடும் ஹமீதாவுக்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.

தெருவில் சொன்னது இதுதான்: கய்யூமுக்குக் கர்வம். சக்கரம் லேசாக இருக்க வேண்டும் என்று அப்பளம் மாதிரி அடித்தான். அவன் அடித்த சக்கரமே அவனைக் கொன்றது.

சண்டைக் காலம். சீமையிலிருந்து காருக்குச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. சக்கரத்தின் நடுவட்டு துருப்பிடித்து விரிசல் விட்டால் மாற்று கிடையாது. டயரைத் தாங்கும் வெளி வளையத்தை எப்படியாவது ஒட்டவைத்துக்கொள்ளலாம். அச்சோடு சேர்த்து முடுக்குகிற நடுவட்டு இல்லாமல் வண்டி நிற்கும். அடுத்த தெருவில் வார்ப்பாலை வைத்திருந்த நல்லசிவம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முதலில் அதைச் செய்து பார்த்தார். பழைய இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றினார். வார்த்த இரும்பு நொறுங்கும் ஜாதி. உள்ளே எங்கே காற்றுக் குமிழி இருக்கிறதென்று தெரியாது. அதனால் கனமாகத்தான் ஊற்ற வேண்டும். விறகுத்தொட்டித் தராசில் வைத்தபோது ஒரு வட்டு இருபத்தெட்டு ராத்தல் இருந்தது.

மயிலாப்பூர் லேடி டாக்டர் நீரஜாவின் சின்னக் காருக்கு அந்த நாலு சக்கரத்தைத்தான் மாட்டினார்கள். பெட்ரோல் கட்டுப்பாடு வந்த பிறகு காரின் பின்னால் கரி அடுப்பை மாட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த நாள். கரிக்கு அவ்வளவு இழுவை ஏது? அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் கார் பாதியிலேயே நின்றுவிடும். பிரசவம் பார்க்கப் போகிற டாக்டரம்மா இறங்கி நடப்பார். டிரைவர் பின்னாலிருந்து தள்ளுவான்.

அப்போதுதான் கய்யூம் களத்தில் இறங்கினான். ரயில்வே கழித்துப்போட்ட அச்சுத்தண்டு எஃகு எங்கிருந்தோ கிடைத்தது. அதைத் துண்டுபோட்டு, பழுக்கக் காய்ச்சி, இரண்டு சம்மட்டி ஆளை வைத்துத் தட்டித் தட்டி வட்டாக விரித்தான். நடுவில் குழியாக, ஓரத்தில் மெலிதாக. எடை பதினேழு ராத்தல். நல்லசிவத்தைக் கூப்பிட்டு, அவருடைய வட்டு ஒன்றையும் தன்னுடையது ஒன்றையும் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெருக்கல்லில் போட்டுக் காட்டினான். அவருடையது மூன்று துண்டாயிற்று. இவனுடையது வளைந்து எகிறி, எதிர்வீட்டு வாசலில் போய்ப் படுத்தது.

"ஊத்தின இரும்பு தூங்கிக்கினு கீது அண்ணாச்சி. அடிச்சாத்தான் முழிச்சிக்கும். உங்க சக்கரத்து மேல ஒரு குழவிய வச்சி அம்மின்னு வித்துடுங்க" என்றான் கய்யூம்.

"உம்மது சக்கரமா வே? ரசத்துக்குத் தொட்டுக்கலாம் போல இருக்கு" என்றார் நல்லசிவம். இருவரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் ஹமீதாவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எட்டு வட்டு அடித்தான். நாலு டாக்டரம்மாவின் காருக்கு. நாலு அவனுடைய சிநேகிதன் குலாம் ரசூலின் வாடகைக் காருக்கு. ரசூலின் காரில்தான் ஒருநாள் கிண்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது முன்சக்கரம் உடைந்தது. கார் புளியமரத்தில் மோதியது. ரசூலுக்குக் கால் போயிற்று. கய்யூமைப் போர்த்திக் கொண்டுவந்தார்கள்.

நொறுங்கிய காரைப் போட வேறு இடமில்லாமல் பட்டறை முற்றத்திலேயே போட்டிருந்தார்கள். நூற்றுப் பதினோராம் நாள் காலையில் நல்லசிவம் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்று இருமினார்.

"தாயி, நாந்தான். உருக்கப் பழைய இரும்பே கிடைக்கல. முத்தத்துல கெடக்கத எடுத்துக்கிடலாமான்னு கேக்க வந்தேன். மனசு இல்லன்னா வேண்டாம்."

அவள் நூற்றுப் பதினோரு நாளாக ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள். அதைக் கேட்கத் தகுந்த ஆள் தானாக வந்து நிற்கிறார்.

"எடுத்துக்கோங்க அண்ணாச்சி. அதுக்கு முந்தி உடைஞ்ச வட்டப் பாத்து ஒண்ணு சொல்லணும். மெலிசா அடிச்சதாலதான் உடைஞ்சிதா? மெய்யா சொல்லணும். அவரு பேருக்காகக் கேக்கறேன்."

சாக்கில் சுற்றி வைத்திருந்த இரண்டு துண்டுகளையும் திரைக்கு அடியில் தள்ளினாள். அந்தப் பக்கம் இரும்பைப் புரட்டுகிற சத்தம். பிறகு அரம் தேய்க்கிற சத்தம். அரம் இரும்பைக் கடித்தால் கரகரவென்று கேட்கும். இது கிறீச்சென்று வழுக்கியது.

"மெலிசு இல்ல தாயி" என்றார் நல்லசிவம். "கனம் போதும். கய்யூமு கணக்கு தப்பல. ஆனா இது அடிச்ச இரும்பு உடையுத மாதிரியே உடையல. அடிச்சது நாரு நாரா கிழியணும், மட்டைய முறிச்ச மாதிரி. இது கல்கண்ட ஒடச்ச மாதிரி பொரிப்பொரியா மின்னுது. இந்தா, போல்ட் ஓட்டைகிட்ட கருப்பா ஒரு கறை. விரிசல் அன்னைக்கு விட்டது இல்ல. முதல்லயே இருந்திருக்கு. இதுக்கு யாரோ தண்ணி காட்டியிருக்காவ."

"தண்ணி காட்டினா இன்னா ஆவும்?"

"மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டான்னா ஒண்ணும் ஆவாது. அது பச்சை இரும்பு, தண்ணி ஊத்துனா சுருங்கி மரத்தக் கவ்விக்கிடும். அம்புட்டுதான். இது ரயில் எஃகுல்லா. சூட்டோட தண்ணி பட்டா இறுகிக் கண்ணாடி ஆயிரும். பாத்தா தெரியாது. கய்யூமுக்குத் தெரியாத சங்கதியா? அவன் எல்லாத்தையும் உமிச்சாம்பல்லல்லா பொதைச்சு ஆறவிடுவான்?"

ஹமீதா மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மழையில் கூரை ஒழுகிச் சாம்பல் குழி நனைந்திருந்தது. கடைசி இரண்டு வட்டையும் அடித்து முடித்தபோது ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கய்யூம் சிவந்த வட்டு இரண்டையும் தரையிலேயே வைத்து, 'பார்த்துக்கொள்' என்று கையைக் காட்டிவிட்டுக் கால் கழுவிக்கொண்டு சம்மட்டி ஆட்களோடு ஓடினான். பக்கத்தில் கரிமூட்டை. சாக்கில் பொறி பிடித்துவிடும் என்று அவளுக்குப் பயம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற வேலையில், காய்ச்சிய பட்டாவை மரச் சக்கரத்தில் இறக்கியதும் குடத்தோடு காத்திருந்து தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து செய்கிறாள். கொஞ்சம் தாமதித்தாலும் மரம் கருகிவிடும், கய்யூம் கத்துவான். இரும்பு சிவந்திருந்தால் அவள் கை குடத்துக்குத்தான் போகும். அன்றைக்கும் போயிற்று. இரண்டு குடம் ஊற்றினாள். சாம்பலில் புதைப்பது வட்டு கோணாமல் இருப்பதற்காக என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இரண்டு வட்டு.

"அண்ணாச்சி, அந்த வண்டியில மீதி கீற மூணையும் அரம் போட்டுப் பாருங்க."

"அதெதுக்கு?"

"பாருங்களேன்."

முற்றத்தில் அரம் ஓடுகிற சத்தம் கேட்டது. கரகர. இன்னொன்று, கரகர. மூன்றாவதும் கரகர. மூன்றும் நல்ல வட்டு என்றால், தண்ணீர் பட்ட இன்னொன்று டாக்டரம்மாவின் காரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நூற்றுப் பதினோரு நாளும், அவள் திரைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த இந்த நேரமெல்லாம்.

"டாக்டரம்மா கார்ல ஒண்ணு இப்டியே கீது அண்ணாச்சி. இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க. ஓட்ட வேணாம்னு சொல்லுங்க."

ஒனக்கெப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

சாயங்காலம் திரும்பிவந்தார். "டாக்டரம்மா ஆசுபத்திரிக்குப் போயாச்சாம், பாக்க முடியல. அந்த டிரைவர் பய கேட்டான் பாரு ஒரு கேள்வி! 'உன் அம்மிக்கல்ல கழட்டி எறிஞ்சோம்னு வயித்தெரிச்சலா, செத்தவன் சக்கரத்த இன்னா கொற சொல்ல வந்துட்டே'ன்னு. தெருவே சிரிக்குது. நான் சொன்னா எடுபடாது தாயி. எம்மேல தொழில் போட்டி இருக்குல்லா."

அவர் போன பிறகு அவள் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னது நியாயம். யார் சொன்னாலும் எடுபடாது. தண்ணீர் ஊற்றியவள் போய், நான்தான் ஊற்றினேன் என்று சொன்னால் ஒழிய. ஆனால் மயிலாப்பூர் வரைக்கும் அவளைத் தனியாக விடுவார்களா? அஸ்மத் ஆபா கூட வருவாள். வந்தால், பக்கத்தில் நின்று கேட்பாள்.

மறுநாள் மத்தியானம் வரை அவள் காத்திருக்கவில்லை. காலையிலேயே பக்கத்து வீட்டுக் குழந்தையை அனுப்பி நாத்தனாரை வரவழைத்தாள். புர்காவோடு நின்றவளைப் பார்த்து அஸ்மத் நெஞ்சில் கையை வைத்தாள்.

"யா அல்லா! இன்னா கோலம் இது? எங்க கெளம்பிக்கினே?"

"மயிலாப்பூருக்கு. டாக்டரம்மா வூட்டுக்கு. நீங்க கூட வரணும் ஆபா."

"இன்னும் பதினெட்டு நாளு கீதேடி! இத்தினி நாளு இருந்தே, ஒரு குத்தம் சொல்ல முடியுமா யாராவது? இப்ப வாசப்படி தாண்டுனா தெருவுல வாய மூட முடியுமா? ஒடம்புக்கு ஏதாச்சும்னா நான் டாக்டரம்மாவ இங்க இட்டாரேன்."

"ஒடம்புக்கு இல்ல. ஒரு உசுரு விஷயம். அவசரம்னா பகல்ல போலாம்னு நீங்கதானே சொன்னீங்க, அந்த நஸ்ருன்னிசா இத்தாவுல போனப்போ."

"அவ போனது ஆசுபத்திரிக்கு. நீ போறது இன்னாத்துக்கு? சொல்லேன்."

"அங்க சொல்றேன் ஆபா."

அஸ்மத் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே தன் புர்காவைச் சரிசெய்துகொண்டாள். அவள் அப்படித்தான், முணுமுணுத்தபடியே கூட வருகிற ஜாதி. டிராமில் லஸ் வரைக்கும் ஹமீதாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெயிலும் ஜனமும் வெளிச்சமும் ஹமீதாவுக்குத் தலை சுற்றியது. அந்தக் கை இல்லாவிட்டால் விழுந்திருப்பாள். அந்தப் பிடியை அவள் எண்ணி எண்ணி அனுபவித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா வீட்டு வாசலில் கார் புகைந்துகொண்டு நின்றது. டிரைவர் சம்பங்கி கரி அடுப்பைக் குத்திக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மாவப் பாக்கணும். பட்டறைக்காரரு சம்சாரம்."

"இன்னாமா இது, நேத்து அண்ணாச்சி, இன்னிக்கு நீயா? அடையாறுல ஒரு அம்மா வலியில துடிச்சிக்கினு கீது. அம்மா கெளம்பிக்கினே கீறாங்க. அப்பால வா."

"இந்தக் கார்ல போவக்கூடாது."

"ந்தா பார்றா! உம் புருசன் செஞ்ச சக்கரத்த நீயே கொற சொல்றியா? அந்தாளு ராசா மாதிரி செஞ்சி குட்த்துக்கிறாரு. பாலத்துல பூ மாதிரி ஏறுது."

சத்தம் கேட்டுப் பையோடு வெளியே வந்தார் நீரஜா. "யாரு? கய்யூம் ஆத்துக்காரியா? என்னம்மா, வெயில்ல நின்னுண்டிருக்கே. ரத்தப்போக்கு கேஸ், நான் உடனே போகணும். ரெண்டு வார்த்தையில சொல்லு."

இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடியதுதான். ஹமீதா நாத்தனாரின் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அவரு செஞ்ச எட்டுல ரெண்டு வட்டுக்கு நான் தண்ணி ஊத்திட்டேன். அவரு தொழப் போயிருந்தாரு. சிவப்பா இருந்துச்சி, வண்டிப் பட்டான்னு நெனச்சி ஊத்திட்டேன். இந்த எஃகுக்குத் தண்ணி ஊத்தக்கூடாதாம். அதுல ஒண்ணுதான் அவரக் கொன்னுது. இன்னொண்ணு உங்க கார்ல கீது. அவரு வேலையில தப்பு இல்ல. எங் கை செஞ்சது."

பக்கத்தில் அஸ்மத் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. ஹமீதா திரும்பிப் பார்க்கவில்லை.

"அரம் கீதா உங்கிட்ட?" என்று சம்பங்கியைக் கேட்டாள். "போட்டுப் பாரு. வழுக்கினா அதுதான்."

அவன் டாக்டரம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். இடது முன்சக்கரத்தில் அரம் கடித்தது. இடது பின்சக்கரத்திலும். "பாத்தியா" என்கிற மாதிரி சம்பங்கி ஹமீதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனான். வலது பின்சக்கரத்தில் அரம் கிறீச்சென்று வழுக்கியது. அவன் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். வழுக்கியது. சட்டை நுனியால் சேற்றைத் துடைத்து, மண்டியிட்டுக் குனிந்தான். போல்ட் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. அவன் எழுந்து நின்றபோது வாயில் கேலி இல்லை.

நீரஜா குனிந்து அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். "சம்பங்கி, ஓடிப்போய் ஒரு ரிக்ஷா பிடி. ஓடு." ரிக்ஷா வந்து ஏறும்போதுதான் ஹமீதாவைப் பார்த்தார். "உள்ளே போய் உக்காரு. தீர்த்தம் வாங்கிச் சாப்பிடு. நான் வந்து உங்கிட்டப் பேசணும். போயிடாதே."

ரிக்ஷா போயிற்று. ஹமீதா திரும்பினாள். அஸ்மத் இருந்த இடத்தில் யாருமில்லை. தெருக்கோடியில் ஒரு கறுப்புப் புர்கா வேகமாக லஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் டாக்டரம்மாவுக்காகக் காத்திருக்கவில்லை. பிறந்ததிலிருந்து டிராமில் தனியாக ஏறியதில்லை, அன்று ஏறினாள். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதற்குச் சட்டென்று இடத்தின் பெயர் வாயில் வரவில்லை.

பாக்கியிருந்த நாட்களைத் தன் அறையிலேயே கழித்தாள். மத்தியானங்களில் யாரும் வரவில்லை. ஒருநாள் சம்பங்கி வந்து, அடையாறு அம்மாள் பிழைத்துக்கொண்டாள், குழந்தையும் சௌக்கியம் என்று திரைக்கு அப்பாலிருந்து சொல்லிவிட்டுப் போனான். நல்லசிவம் முற்றத்து இரும்பை எடுக்க ஆள் அனுப்பவே இல்லை. தெருவில் இப்போது கய்யூமைக் குறை சொல்வாரில்லை. என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்கு வந்து சொல்லவும் ஆளில்லை.

கடைசி நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் அஸ்மத் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எந் தம்பி திரும்பி வந்து பாத்தானே, ரெண்டும் சில்லுனு கீறத. உன்னக் கேக்கலியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்டவள் அதைத்தான் வேண்டி வந்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தம்பியே கேட்காமல் விட்டான் என்றால் அது விதி. விதியோடு சமாதானம் செய்துகொண்டு அவள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"கேட்டாரு ஆபா" என்றாள் ஹமீதா. "'இன்னா, அதுக்குள்ள ஆறிப்போச்சா'ன்னு கேட்டாரு. நான் ரொட்டி தட்டிக்கினு இருந்தேன். கையில மாவு. தண்ணி ஊத்துனதுக்குக் கத்துவாரோன்னு, காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். அவரு மறுபடி கேக்கல."

அஸ்மத் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு புர்காவை முகத்தில் இறக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஹமீதா வாசல் வரைக்கும் வந்தாள். இன்றோடு இத்தா முடிந்தது. எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்க முடியாது. டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் படியில் ஒரு காலை வைத்தபடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், வெகு நேரம் நின்றுகொண்டிருந்தாள்.